கம்பெனி வாசலில் ஒரு துபாஷி

(மூன்றாம் ஆண்டு, ஜவுளித் தொழில்நுட்பம்)



போன வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட் முடிந்து திரும்பும்போது நம்ம பஸ் பாண்டிச்சேரியில் மூன்று மணி நேரம் நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நீங்க எல்லாம் கடற்கரைக்கு ஓடினீங்க. நான் மார்க்கெட் பக்கம் போய் ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு பழைய வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டு ஹெச்.ஓ.டி. சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அந்த வீட்டுக்காரரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன்.

அவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி. நாட்குறிப்பு எழுதியவர் என்று பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்விக்கு நாம் எல்லாரும் எழுதிய அதே ஆள்தான். ஒரு மார்க்குக்கு மேலே அவரிடம் என்ன இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. எனக்கும் ஜவுளி படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அவர் வாழ்க்கை முழுக்கத் துணி. துணியில் சம்பாதித்தார், துணியால் பெரிய மனிதர் ஆனார், துணி வாங்கக் கப்பல் வராதபோது தவித்தார்.

அந்தக் காலத்து நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் கம்பெனி 1600இல் தொடங்கியது, டச்சுக் கம்பெனி 1602இல். பிரெஞ்சுக்காரர்கள் ரொம்பத் தாமதம். 1664இல்தான் கம்பெனி தொடங்கி, 1674இல் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். இவர்கள் எல்லாரும் நம்ம கடற்கரைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் துணி. நல்ல சாயம், துவைத்தாலும் போகாத நிறம், மலிவான விலை. கொடுப்பதற்கு அவர்களிடம் பெரிதாகச் சரக்கு கிடையாது. ஆகவே வெள்ளியைக் கப்பலில் கொண்டு வந்து கொட்டித் துணியை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரனுக்குத் தறி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாஷை தெரியாது. யாரை நம்பலாம் என்று தெரியாது. அதற்குத்தான் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரிகளைச் சேர்ப்பது, விலை பேசுவது, முன்பணம் கொடுப்பதற்குப் பொறுப்பேற்பது, நவாபு தர்பாருக்குக் கடிதம் எழுதுவது, ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்பது எல்லாம் அவர் தலையில். தலைமைத் துபாஷி என்றால் தமிழ் ஜனங்களுக்கும் கவர்னருக்கும் நடுவே நிற்கிற ஒரே கதவு மாதிரி.

ஆனந்தரங்கர் 1709 மார்ச் 30ஆம் தேதி சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். அப்பா திருவேங்கடம் பிள்ளை, வியாபாரி. அப்பாவின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை அப்போது புதுச்சேரியில் தலைமைத் துபாஷி. அவர் அழைத்ததால் இந்தக் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. சொந்தக்காரர் பெரிய பதவியில் இருக்கிறார், பிழைப்புக்குக் குறைவில்லை என்று நம்பித்தானே எல்லாரும் ஊர் விட்டு ஊர் போவது.

1716இல் அந்த நம்பிக்கை உடைந்தது. கவர்னர் எபேர், நைனியப்பரைக் கைது செய்தார். கொடுமை செய்தார், கம்பெனிக்கு எதிராக ஜனங்களைத் தூண்டிவிட்டார் என்று குற்றச்சாட்டு. அவர் கிறிஸ்தவராகாமல் அந்தப் பதவியில் இருந்தது பாதிரிமார்களுக்கு ஏற்கெனவே பிடிக்கவில்லை. காலமெல்லாம் மற்றவர்களுக்காக மொழிபெயர்த்த மனிதரின் விசாரணையில் அவர் பேசியதை வேறொருவர் மொழிபெயர்த்தார். 50 கசையடி, 3 வருஷம் சிறை, பெரும் அபராதம். பலர் பார்க்க அடித்தார்கள். 1717இல் சிறைக்குள்ளேயே இறந்துபோனார். பிறகு எபேரும் பதவி இழந்தார். நைனியப்பர்மேல் தப்பில்லை என்று பிரான்சிலிருந்து உத்தரவும் வந்தது. செத்துப்போனவருக்கு உத்தரவு வந்து என்ன பிரயோசனம்? அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே கப்பல் ஏறிப் போய் நியாயம் கேட்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்று, ராஜ பட்டத்தோடு திரும்பித் தலைமைத் துபாஷி ஆனார். அவரும் 1724இல் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து அப்பா திருவேங்கடமும் போய்விட்டார்.

மாமாவுக்கு அடி விழுந்தபோது ஆனந்தரங்கருக்கு 7 வயது. அப்பா போனபோது 17. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவர் செய்ததெல்லாம் புரியும். எந்தக் கம்பெனி மாமாவைக் கொன்றதோ அதே கம்பெனியில்தான் அவர் வேலைக்குப் போனார். எனக்கு முதலில் இது கசப்பாக இருந்தது. ரோஷம் இல்லையா என்று தோன்றியது. பிறகு எங்க வீட்டையே நினைத்துப் பார்த்தேன். எங்க தாத்தா கைத்தறி நெசவாளி. முதலாளி கொடுத்த முன்பணம் தீராமலே கடைசி வரை அதே முதலாளிக்கு நெய்தார். குறை இருக்கிறது என்று துணியைத் தூக்கி எறிந்தவனிடமே மறுவாரம் பாவு வாங்கப் போனார். ரோஷம் இல்லாமலா போனார்?

கவர்னர் லெனுவார் இந்த இளைஞரின் சாமர்த்தியத்தைக் கவனித்துப் பரங்கிப்பேட்டைக் கிடங்கின் பொறுப்பைக் கொடுத்தார். பரங்கிப்பேட்டை நீலத் துணிக்குப் பேர் போன இடம். அவுரிச் சாயம் ஏற்றிய முரட்டுப் பருத்தித் துணி. நம்ம டையிங் லேபில் சிந்தெடிக் இண்டிகோவை வைத்துக்கொண்டு நாம் படாதபாடு படுகிறோமே, அவர்கள் அவுரி இலையை ஊற வைத்து அடித்து வண்டல் எடுத்துத் தொட்டியில் நுரைக்க வைத்து ஒரே மாதிரி நீலம் கொண்டு வந்தார்கள். தொட்டியில் இருக்கும்போது துணி பச்சையாகத் தெரியும். காற்றுப் பட்டதும் நீலமாகும். ஆக்ஸிடேஷன் என்று நாம் பரீட்சையில் எழுதுவதை அவர்கள் கையால் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அந்த நீலத் துணிக்குக் கினித் துணி என்று ஐரோப்பியர் பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் விலைபோகும் துணி என்பதால் அந்தப் பெயர். அங்கே அதைக் கொடுத்து என்ன வாங்கினார்கள் தெரியுமா? பிசின், தந்தம், அதோடு மனிதர்களையும். நம்ம ஊர்த் தறியில் நெய்த துணி அடிமை வாங்கும் காசாகப் போயிருக்கிறது. நெய்தவருக்கும் சாயம் போட்டவருக்கும் அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனந்தரங்கர் அங்கே சும்மா கணக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு லாலாபேட்டையிலும் ஆற்காட்டிலும் கடை திறந்தார். ஐரோப்பியச் சரக்கை அங்கே கொடுத்து, கம்பெனிக்கு வேண்டிய சரக்கை வாங்கினார். பிற்காலத்தில் ஆனந்தப் புரவி என்று பெயர் வைத்துச் சொந்தக் கப்பலே ஓட்டினார். தமிழர் ஒருவர் அந்தக் காலத்தில் கப்பல் முதலாளி!

இருந்தாலும் தலைமைத் துபாஷிப் பதவி உடனே கிடைக்கவில்லை. குருவப்பருக்குப் பிறகு அது கனகராய முதலியாருக்குப் போனது. அவர் கிறிஸ்தவர். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். இவர் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில்தான் அந்தப் பெரிய காரியத்தைத் தொடங்கினார். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, 27 வயதில், நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார்.

யாரும் கேட்கவில்லை, கம்பெனி சம்பளமும் தரவில்லை. ஒரு கணக்கர் பேரேடு எழுதுவது போலத்தான் எழுதினார். தமிழ் வருஷம், மாதம், தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை, எத்தனை நாழிகை, இதெல்லாம் முதலில். பிறகு எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள், என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் யாரிடம் கோபப்பட்டார், நவாபிடமிருந்து என்ன கடிதம், ஊரில் என்ன வதந்தி, யார் வீட்டில் கல்யாணம், யார் எவ்வளவு லஞ்சம் வாங்கினார்கள். நாம் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துச் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி எழுதுகிறோம். இவர் ஏறத்தாழ 25 வருஷம் எழுதினார். தமிழும் இலக்கணத் தமிழ் இல்லை. பேசுகிற தமிழ், அதிலே பிரெஞ்சு, போர்த்துகீசு, பாரசீகம், தெலுங்கு எல்லாம் கலந்து கிடக்கும். தமிழ் ஐயாவிடம் கொடுத்தால் சிவப்பு மையாகவே திரும்பி வரும்.

கம்பெனிக்குப் பிடிக்காததையும் அவர் எழுதினார். 1743இல் புதுச்சேரியில் ஒரு கும்பல் ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மொட்டையடித்து, காலில் விலங்கு பூட்டி அடைத்துவைத்துக் கப்பலுக்கு அடிமையாக விற்ற விவகாரம் வெளிவந்தது. அது எப்படி நடந்தது, யார் யாருக்குத் தொடர்பு என்றெல்லாம் இவர் குறித்துவைத்திருக்கிறார். அதே சமயம், இவர் அனுப்பிய நீலத் துணி அக்கரையில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி நான் படித்த பக்கங்களில் ஒரு வரி கிடைக்கவில்லை. கண்ணுக்கு எதிரே நடந்த கொடுமை கண்ணில் பட்டது, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது படவில்லை.

1742 ஜனவரியில் டூப்ளே கவர்னராக வந்தார். இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு. 1746இல் கனகராய முதலியார் இறந்ததும் ஆனந்தரங்கர் அந்த வேலைகளைப் பார்க்கத் தொடங்கி, 1747இல் முறைப்படி தலைமைத் துபாஷி ஆனார். அதற்குள் எத்தனை இழுபறி! டூப்ளேயின் மனைவி ஜான் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவருக்கு யார் மூலமும் ஜனங்களோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே துபாஷி அவருக்குத் தேவைப்படவில்லை. கிறிஸ்தவரல்லாத துபாஷி சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாட்குறிப்பில் அந்த அம்மாள் வரும் இடமெல்லாம் பேனா காரமாகிவிடும். ஆனாலும் டூப்ளேக்கு இவர் இல்லாமல் காரியம் ஓடவில்லை. கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே போகவும், செருப்போடு நடக்கவும் இவருக்கு உரிமை இருந்ததாகச் சொல்வார்கள். பிற்பாடு முசாபர் ஜங், 3,000 குதிரைக்கு மன்சப் என்ற பட்டமும் கொடுத்தார். துணி வியாபாரிக்கு 3,000 குதிரை எதற்கு என்று கேட்காதீர்கள், அதெல்லாம் அந்தக் கால மரியாதை.

பதவி வந்த நேரம் சண்டையும் வந்தது. 1746 செப்டம்பரில் லபூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். டூப்ளே முடியாது என்றார். அவர்கள் சண்டை முடிவதற்குள் அக்டோபர்ப் புயல் வந்து கப்பல்களை உடைத்துப் போட்டது. கம்பெனிகளின் சண்டையைச் சரித்திரப் புத்தகத்தில் கர்நாடகப் போர் 1, 2, 3 என்று நம்பர் போட்டு மனப்பாடம் செய்தோம். அதை வியாபாரி பக்கத்திலிருந்து பாருங்கள். சண்டை என்றால் பிரான்சிலிருந்து கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் வெள்ளி வராது. வெள்ளி வராவிட்டால் வியாபாரிக்குப் பாக்கி நிற்கும், வியாபாரி நெசவாளிக்குக் கொடுக்க மாட்டான், தறி நிற்கும். அதனால்தான் அந்த நாட்குறிப்பில் கப்பல் வருகிறதா என்ற கவலை திரும்பத் திரும்ப வருகிறது. தூரத்தில் பாய்மரம் தெரிந்தால் ஊரே கடற்கரையில் நின்றது.

1748இல் ஆங்கிலேயர் போஸ்கவன் தலைமையில் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அந்தச் செப்டம்பரில், குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஊருக்குள் இருந்த வேதபுரீஸ்வரர் கோவிலைக் கம்பெனிக்காரர்களே இடித்தார்கள். பாதிரிமார்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. டூப்ளேயின் மனைவியும் துணை நின்றார். ஜனங்கள் ஆனந்தரங்கரிடம் ஓடி வந்தார்கள். அவர் தலைமைத் துபாஷி. கவர்னருக்கு வலதுகை. அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. மூர்த்திகளை வேறு கோவிலுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கத்தான் முடிந்தது. அன்றைய குறிப்பு நீளமானது. வருத்தம், கோபம், ஒற்றுமை இல்லாத நம்மவர்கள்மேல் எரிச்சல் எல்லாம் அதில் இருக்கிறது. மறுநாளும் அவர் வழக்கம்போல் கவர்னர் வீட்டுக்குப் போனார். அவர் வேலையை விட்டிருக்க வேண்டும் என்று நம்ம ஹாஸ்டலில் ஒரு நண்பன் என்னிடம் சண்டை போட்டான். விட்டிருந்தால் முற்றுகையில் இருக்கிற ஊரில் ஜனங்களுக்காகப் பேச யார் இருந்திருப்பார் என்று நான் கேட்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கே முழு நிச்சயம் கிடையாது. 7 வயதில் பார்த்த அந்தக் கசையடி அவர் மனதை விட்டுப் போயிருக்காது என்று மட்டும் நினைக்கிறேன்.

அக்டோபரில் மழைக்காலம் நெருங்க, ஆங்கிலேயர் முற்றுகையை விட்டுப் போனார்கள். டூப்ளே அதன் பிறகு நவாபு, நிஜாம் என்று பெரிய ஆட்டம் ஆடினார். கம்பெனி முதலாளிகளுக்கு வேண்டியது லாபம். சண்டைச் செலவு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1754இல் டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தன் சொந்தப் பணம் கம்பெனியிடம் இருக்கிறது என்று வழக்காடி வழக்காடி 1763இல் வறுமையில் இறந்தார். லபூர்தொனே பாஸ்டில் சிறையில் கிடந்தார். 1758இல் சேனையோடு வந்த லாலியை 1766இல் பாரிஸில் தலை வெட்டினார்கள். அந்தக் கம்பெனிக்கு உழைத்தவர்களில் நல்ல முடிவு கண்டவர் யார் என்று தேடினால் கஷ்டம்தான். கம்பெனியின் ஏகபோக உரிமையே 1769இல் போயிற்று.

ஆனந்தரங்கரைக் கவர்னர் லெரி 1756இல் பதவியிலிருந்து நீக்கினார். உடம்பு அப்போதே தளர்ந்திருந்தது. இருந்தும் எழுதுவதை விடவில்லை. மறுபடி முற்றுகை, ஊருக்குள் அரிசி இல்லை, ஜனங்கள் வெளியேறுகிறார்கள், லாலியின் ஆட்கள் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள் என்று கடைசிப் பக்கங்கள் போகின்றன. 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதே ஜனவரியில், ஊர் விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஆனந்தரங்கரும் கண்ணை மூடினார். வயது 51.

ஜெயித்தவர்கள் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். டூப்ளேயின் மாளிகை இன்றைக்கு இல்லை. நான் தேடிப்போன துபாஷியின் வீடு மிஞ்சியது. கீழ்த்தளம் செதுக்கிய மரத் தூண்களோடு நம்ம ஊர்க் கட்டு. மேல்தளம் சுண்ணாம்புத் தூண்களோடு பிரெஞ்சுக் கட்டு. நாட்குறிப்பு நோட்டுகளும் குடும்பத்தாரிடம் கிடந்தன. 85 வருஷம் கழித்து, 1846இல், கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படி எடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதியது முதலில் முழுசாக வந்தது ஆங்கிலத்தில்! தமிழில் 1948இலிருந்துதான் ஒவ்வொரு தொகுதியாக வரத் தொடங்கியது. இதை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய வானம் வசப்படும் நாவலுக்கு 1995இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

ஒரு குறை எனக்கு இருக்கிறது. நான் இதுவரை படித்த பகுதிகளில் கவர்னர் பெயர், கேப்டன் பெயர், வியாபாரி பெயர், பல்லக்குத் தூக்கியவர்கள் விவகாரம் கூட இருக்கிறது. நெசவாளி ஒருவரின் பெயரைத் தேடினேன், கண்ணில் படவில்லை. இன்னும் பல தொகுதி பாக்கி இருக்கிறது. படிக்க நினைப்பவர்கள் நேராக 1746இலிருந்து ஆரம்பியுங்கள், சுவாரஸ்யமாகப் போகும். முதல் தொகுதியில் தொடங்கினால் கப்பல் கணக்கிலேயே களைத்துவிடுவீர்கள். யார் கண்ணிலாவது தறிக்காரர் பெயர் பட்டால் ஹாஸ்டலில் என் ரூமுக்கு வந்து சொல்லுங்கள்.